பனையேறிக் கெண்டை பனை ஏறுமா? ஒரு சிறு மீனின் மூச்சும் நடையும்

பனையேறிக் கெண்டை என்ற பெயரில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அது கெண்டை இனத்து மீன் இல்லை. பனையில் ஏறும் வழக்கமும் அதற்கு இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் காலையில், குளத்துக்கு எட்டத்தில், வரப்பு மேட்டிலோ வீட்டு வாசலிலோ ஒரு மீன் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படும். மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள் சிலர். மரத்தில் ஏறி அங்கிருந்து விழுந்தது என்றார்கள் வேறு சிலர். பனையில் ஏறிக் கள் குடித்துவிட்டு இறங்கும் என்ற கதையும் உண்டு.

கதைகளை நம்பாதவர்களும் இதைப் பற்றிப் பேசும்போது, "தண்ணீர் இல்லாமலும் உயிர் வாழும் மீன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி. கரையில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் இதே மீன், காற்று கிடைக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்த இன்னொரு பாதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும். மழை இரவில் ஏன் கரையேறுகிறது, கலங்கிய குட்டையில் எப்படிக் கொழுக்கிறது, தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைத்து மூடிய வாளியில் ஏன் சாகிறது என்ற எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

எந்த மீனைச் சொல்கிறோம்?

அறிவியல் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். 1792இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் இதை விவரித்தார். அனபாஸ் என்பது ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே தமிழ்ப் பெயரில் உள்ள அதே கதைதான் அறிவியல் பெயரிலும் இருக்கிறது. பனையேறி, சென்னல் என்றும் தமிழில் சொல்வதுண்டு. கேரளத்தில் கல்லேமுட்டி, வங்காளத்தில் கொய். இந்தியா, இலங்கை, வங்கதேசம் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வயல், வாய்க்கால், குட்டை, ஏரி, சதுப்பு என்று ஓட்டம் குறைந்த நன்னீர் எங்கும் வாழ்கிறது.

சிறிய மீன்தான். நம் கையில் அகப்படுபவை பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. நீளம் இருக்கும், மிகப் பெரியது 25 செ.மீ. வரை போகலாம். உடல் பச்சை கலந்த சாம்பல் அல்லது பழுப்பு நிறம். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி. குஞ்சுகளில் அது பளிச்சென்று தெரியும், வயதானால் மங்கும். முதுகுத் துடுப்பு ஒரே நீளமாகப் போகும். அதன் முன்பகுதியில் 16 முதல் 18 வரை கூரிய முட்கள், வாலை நோக்கிச் சாய்ந்தபடி. தலையின் மேலும் செதில் இருக்கும். உண்மையான கெண்டைகளுக்குத் தலையில் செதில் கிடையாது, தாடையில் பல்லும் கிடையாது. இதற்கு இரண்டும் உண்டு.

புதிதாகப் பார்ப்பவர்கள் இதை ஜிலேபிக் கெண்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதுவும் கெண்டை இல்லை என்பது தனிக் கதை. வேறுபாடு காண எளிய இடம் செவுள் மூடி. கன்னத்துக்குப் பின்னால், செவுளை மூடித் திறக்கும் தட்டையான எலும்புக் கதவுக்குத்தான் செவுள் மூடி என்று பெயர். ஜிலேபியில் அதன் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். பனையேறியில் விளிம்பு நெடுக அரம் போலப் பற்கள். கண்ணால் பாருங்கள், விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

தண்ணீரில் மூச்சு விடுவது எவ்வளவு கடினம்

ஒரு கைப்பிடிச் சோற்றுப் பருக்கையை ஒரு அண்டா தண்ணீரில் கலந்துவிட்டு, பசி தீர அந்தக் கஞ்சியைக் குடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வயிறு முட்டக் குடித்தாலும் பருக்கை கொஞ்சம்தான் கிடைக்கும். தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் மீனின் நிலை அதுதான். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்று நன்றாகக் கலந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெறும் ஏழரை மில்லிகிராம். கிட்டத்தட்ட 35 மடங்கு வித்தியாசம்.

அதுவும் நல்ல தண்ணீரில்தான். வைக்கோல் மக்கும் வயல், பாசி மண்டிய குட்டை போன்ற இடங்களில் நிலைமை இன்னும் மோசம். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் சேர்ந்து அதைச் செலவழிக்கும். மக்கும் குப்பையில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் இரவு பகல் பார்ப்பதில்லை. அதனால் விடியற்காலையில் குட்டையின் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. மற்ற மீன்கள் வாயைத் திறந்தபடி மேல்மட்டத்தில் தத்தளிப்பது அந்த வேளையில்தான்.

காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் இருக்கும்போது, கரையில் போட்ட கெண்டை ஏன் சாகிறது? குளத்தில் முங்கும்போது நீளமான கூந்தல் என்ன ஆகிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். தண்ணீருக்குள் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக விரிந்து மிதக்கும். தலையை வெளியே எடுத்ததும் எல்லாம் ஒட்டிக் கற்றையாகிவிடும். செவுளும் அப்படித்தான். அது இரத்தம் ஓடும் மெல்லிய இழைகளின் வரிசை. தண்ணீர்தான் அந்த இழைகளைத் தாங்கி விரித்து வைக்கிறது. வெளியே எடுத்தால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஆக்சிஜன் நுழையும் பரப்பு சுருங்கிப்போகும். கெண்டையைச் சுற்றிலும் காற்று நிறைய இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் இடம்தான் மூடிக்கொண்டுவிட்டது.

செவுளுக்கு மேலே ஓர் அறை

பனையேறி இந்தச் சிக்கலுக்கு எலும்பில் விடை வைத்திருக்கிறது. அதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, இரு பக்கமும் ஒவ்வோர் அறை உண்டு. முதல் செவுள் வளைவின் மேல்நுனி வளர்ந்து, மெல்லிய எலும்புத் தகடுகளாக மடிந்து மடிந்து அந்த அறையை நிரப்பியிருக்கும். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி மடிப்பு. தகடுகளின் மேல் ஈரமான மெல்லிய தோல். அந்தத் தோல் முழுக்க நுண்ணிய இரத்தக் குழாய்கள். இதற்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர். லேபிரிந்த் என்றால் சுற்றிச் சுற்றிப் போகும் சிக்கலான வழி. தொட்டியில் வளர்க்கும் குராமி, பைட்டர் மீன்களுக்கும் இதே உறுப்பு இருப்பதால் அவையெல்லாம் பனையேறிக்கு உறவு.

மடிப்பின் பயன் இடம் மிச்சமாவது. பட்டாணி அளவு அறைக்குள் பெரிய பரப்பை அடக்க முடிகிறது. எலும்பின் பயன் அதைவிட முக்கியம். தகடுகள் விறைப்பானவை, அதனால் காற்றிலும் செவுள் இழை போல ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தே நிற்கும்.

மூச்சு விடும் முறை எளிது. மீன் மேலே வருகிறது, வாயால் ஒரு மடக்குக் காற்றைப் பிடிக்கிறது, உடனே கீழே திரும்புகிறது. பிடித்த காற்று அறைக்குள் தள்ளப்படும், உள்ளே இருந்த பழைய காற்று குமிழிகளாக வெளியேறும். மொத்தமும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். குட்டையின் மேற்பரப்பில் 'டப்' என்று ஒரு சின்ன ஓசையும் வட்ட அலையும்தான் நமக்குத் தெரியும்.

செவுள் சும்மா இல்லை. நல்ல தண்ணீரில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி காற்றிலிருந்தும் பாதி செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தும் வருகிறது. தண்ணீர் கெடக் கெடக் காற்றின் பங்கு கூடும். கரியமில வாயுவை வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி செவுளுடையது. அந்த வாயு தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும். அதனால்தான் கரையில் எவ்வளவு நேரமானாலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. காற்றை வாங்க வழி இருக்கிறது, கழிவை விடும் வழி பாதி அடைபட்டுவிடுகிறது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துக்கொள்வோம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. காற்றில் செவுள் படிந்துவிடும். பனையேறிக்குச் செவுளோடு, படியாத எலும்பு மடிப்பால் ஆன இரண்டாவது மூச்சுறுப்பும் இருக்கிறது. தண்ணீரும் காற்றும் இரண்டுமே அதற்கு வேண்டும்.

தண்ணீரில் மூச்சுமுட்டும் மீன்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். லேபிரிந்த் உறுப்பை ஏதோ அவசரத்துக்கு உதவும் கூடுதல் வசதி என்று நினைக்கிறார்கள். வளர்ந்த பனையேறிக்கு அது அன்றாடத் தேவை. காற்றை நம்பி வளர்ந்த மீன் ஆதலால் அதன் செவுள் உடலின் தேவைக்கு முழுதாகப் போதாது. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். விரால், குரவைக்கும் இது பொருந்தும். அவற்றின் காற்றறை அமைப்பு வேறு, தேவை ஒன்றுதான்.

நடைமுறையில் இது எங்கெல்லாம் தவறாகப் போகிறது என்று பாருங்கள். பிடித்த மீன் வாடக்கூடாது என்று வாளியைத் தளும்பத் தளும்ப நிரப்பி மூடியை இறுக்குகிறார்கள். வீட்டுக்குப் போவதற்குள் மீன் செத்திருக்கும். மீன் பிடிக்கும் கூடான தூரியை, மேல்முனை தண்ணீருக்கு வெளியே தெரியாதபடி முழுதாக அமிழ்த்தி இரவெல்லாம் வைத்தால் காலையில் செத்த மீன்தான் மிஞ்சும். டீசல் மோட்டார் அருகே எண்ணெய்ப் படலம் பரவினால், தண்ணீருக்குள் குறையில்லாவிட்டாலும் ஒவ்வொரு மூச்சிலும் மீனின் மடிப்புகளில் எண்ணெய் ஒட்டும். கண்ணாடித் தொட்டியில் விளிம்பு வரை நீர் ஊற்றி மேலே கண்ணாடி போட்டு மூடினாலும் கதை அதேதான்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. மீனின் முதுகு நனையும் அளவுக்கு, 5 செ.மீ. தண்ணீர் போதும். மேலே நிறையக் காற்றிடம் விட்டு, ஓட்டையிட்ட மூடியைப் போட்டு, அதை இறுகக் கட்டுங்கள். இந்த மீன் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதில் கெட்டி. வெயில் படாமல் ஈரச் சாக்கைப் போர்த்தினால் நெடும்பயணமும் தாங்கும். வங்காளச் சந்தைகளில் கொய் மீனை உயிரோடு குவித்து விற்க முடிவது இந்த உறுப்பின் தயவில்தான்.

கரையில் எப்படி நகர்கிறது

பனை ஏறும் தொழிலாளியை ஒரு முறை கவனித்துப் பார்த்தவருக்கு இதை விளக்குவது சுலபம். கை மரத்தைப் பற்றியிருக்கும்போது தளைநார் மாட்டிய கால்கள் மேலேறும். கால்கள் ஊன்றி நிற்கும்போது உடல் நிமிர்ந்து கை மேலே போகும். ஒன்று பிடிக்க, ஒன்று தள்ள. பிடி இல்லாமல் தள்ளினால் சறுக்கிவிடும்.

பனையேறி மீனுக்குப் பிடி செவுள் மூடி, தள்ளுவது வால். மற்ற மீன்களின் செவுள் மூடி கதவு போலக் கொஞ்சம்தான் திறக்கும். இதன் மூடியின் கீழ்ப்பகுதி எலும்புகள் தளர்வாக இணைந்திருப்பதால் பக்கவாட்டில் அகலமாக விரியும். விரிந்ததும் விளிம்பிலுள்ள பற்கள் மண்ணிலோ புல்லிலோ மாட்டிக்கொள்ளும். உடனே வால் ஒரு பக்கமாக வளைந்து தரையை உதைக்கும். உடல் ஒரு விரற்கடை முன்னேறும். முள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னே போவதற்குத் தடையில்லை, பின்னே சறுக்குவதற்குத்தான் தடை. மறுபடி மூடி விரியும், வால் உதைக்கும். பக்கத் துடுப்புகள் உடல் சாய்ந்துவிடாமல் முட்டுக் கொடுக்கும். அடிப்பக்கத் துடுப்பின் முட்களும் தரையில் ஊன்றும். பார்ப்பதற்கு நடை என்று சொல்லும்படி இருக்காது. ஆடி ஆடி, தத்தித் தத்திப் போகும் ஒரு தள்ளாட்டம். ஆனால் வரப்பைத் தாண்ட அது போதும்.

ஏன் மழை இரவில்? லேபிரிந்த் மடிப்பின் தோல் ஈரமாக இருந்தால்தான் ஆக்சிஜன் அதில் கரைந்து இரத்தத்துக்குள் போகும். வெயிலிலும் காய்ந்த காற்றிலும் அது உலர்ந்துவிடும், செவுளும் உலர்ந்துவிடும். மழையில் தரை நனைந்திருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது, உடலின் வழவழப்பு காய்வதில்லை, கொக்கும் பருந்தும் அடங்கியிருக்கின்றன. ஈர நிழலில் வைத்தால் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும் மீன், சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் மாட்டினால் சீக்கிரமே முடிந்துவிடும்.

காரணமில்லாமல் அது கரையேறுவதும் இல்லை. குட்டை வற்றத் தொடங்கினால் கிளம்பும். தண்ணீர் தாங்க முடியாத அளவு கெட்டால் கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பெருமழையில் மேட்டிலிருந்து புதுத்தண்ணீர் இறங்கும்போது அதை எதிர்த்து ஏறும். கிராமத்தில் ஏத்துமீன் என்று சொல்வது இந்த ஏற்றத்தைத்தான். அந்த ஓடை நடுவே அறுந்துபோனால் மற்ற மீன்கள் அங்கேயே தங்கிவிடும். பனையேறி ஈரத்தரையிலேயே தொடர்ந்து போய் வாசலில் அகப்படும். வானத்திலிருந்து விழுந்த மீனின் ரகசியம் இவ்வளவுதான்.

அப்படியானால் பனைமரம்?

இந்தக் கதைக்கு ஓர் ஊரும் ஆண்டும் உண்டு. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791 நவம்பரில் ஒரு குளத்தங்கரைப் பனையின் பட்டைப் பிளவில், நீர்மட்டத்துக்குச் சுமார் ஐந்தடி உயரத்தில் இந்த மீன் மேலேறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797இல் அது அச்சானது. ஐரோப்பிய நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுத, மரமேறும் மீன் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

மாதத்தைக் கவனியுங்கள். நவம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம். கரையெல்லாம் ஈரம், மரத்தின் மேல் நீர் வழியும். சொரசொரப்பான, சாய்ந்த அடிமரத்தில் வழியும் தண்ணீரை எதிர்த்து ஒரு மீன் கொஞ்ச தூரம் ஏறியிருந்தால் அதில் அதிசயம் இல்லை. மேலே சொன்ன பிடியும் தள்ளலும் சாய்வில் வேலை செய்யும். ஆனால் நெட்டுக்குத்தான பனையில் உச்சிவரை ஏறுவது வேறு விஷயம். வரப்புத் தாண்டுவதைப் பலரும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மரமேற்றத்துக்கு அப்படிப்பட்ட சாட்சி சேரவில்லை.

மரக்கிளையில் உயிருள்ள மீன் கிடைப்பதற்கு இந்திய மீனியலாளர்கள் பின்னாளில் தந்த விளக்கம் எளிமையானது: கரையில் நகரும் மீனைக் காக்கையும் பருந்தும் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போகின்றன. முள்ளால் விழுங்க முடியாமலோ பிடி நழுவியோ கிளையிடுக்கில் விட்டுவிடுகின்றன. வேறு மீனாக இருந்தால் அதற்குள் செத்திருக்கும். இது மட்டையிடுக்கில் மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பதால், தானே ஏறி வந்தது போலத் தோன்றுகிறது. டால்டார்ஃப் பொய் சொன்னார் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. அவர் ஒரு மீனைப் பற்றி எழுதியதை உலகம் ஒரு இனத்தின் வழக்கமாக ஆக்கிக்கொண்டது.

எதைத் தின்னும்?

வேட்டையாடும் மீன்தான், ஆனால் சைவத்தை ஒதுக்குவதில்லை. வேலம்பாசி, ஆகாயத்தாமரை வேர் போன்ற மறைவில் அசையாமல் நின்று, எட்டும் தூரத்தில் வருவதைப் பாய்ந்து கவ்வும். தண்ணீர்ப் பூச்சிகள், கொசுப்புழு, சின்ன இறால், சிறு மீன், குட்டி நத்தை எல்லாம் உணவு. வயலில் உதிர்ந்த நெல்லையும் மென்தளிரையும்கூடத் தின்னும். தூண்டிலில் மண்புழுவுக்கு விரைந்து மாட்டும்.

குஞ்சுப் பருவத்தில் இதன் வேட்டைக் குணம் இன்னும் கடுமை. முதலில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளைத் தின்று வளரும். சில வாரங்களில் உருவத்தில் ஏற்றத்தாழ்வு வந்ததும், பெரியது சிறியதை விழுங்கத் தொடங்கும். கூடப்பிறந்தது என்ற பேதம் இல்லை. பண்ணைகளில் குஞ்சு குறைவதற்குப் பெரிய காரணம் இது. மருந்தால் தீராது. இரண்டு வழிதான்: குஞ்சுகளைச் சல்லடை போட்டு அளவு வாரியாகப் பிரிப்பது, பசியெடுக்கும் முன் தீனி கொடுப்பது.

புதுத்தண்ணீரும் முட்டையும்

மழைதான் இனப்பெருக்கத்துக்கு மணி அடிக்கிறது. ஏறக்குறைய ஓராண்டு வயதில், 10 செ.மீ. அளவில் மீன் பருவத்துக்கு வரும். பெண் ஆணைவிடப் பருமன். முட்டைக் காலத்தில் வயிறு உப்பித் தெரியும். வெள்ளம் புகுந்த வயலில், ஆழமில்லாத அமைதியான தண்ணீரில் ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்துக்கொள்ள, முட்டையும் விந்தும் ஒருசேர வெளிவரும்.

பைட்டர் மீனும் குராமியும் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். விரால் குஞ்சுக் கூட்டத்தின் கூடவே திரியும். பனையேறி இரண்டும் செய்யாது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும், விட்டுவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு எண்ணெய்த் துளி இருப்பதால் அவை தண்ணீர் மேலேயே மிதக்கும். அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை, மேல்மட்டத்தில் இருக்கிறது. தாயின் காவலுக்குப் பதிலாக இந்தத் துளி. 27, 28 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளுக்குள் குஞ்சு வெளிவந்துவிடும். இரண்டு மூன்று நாள் உடலில் உள்ள கருமஞ்சளை வைத்து வாழ்ந்து, பிறகு இரை தேடும்.

பிறந்த குஞ்சுக்கு லேபிரிந்த் உறுப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. அது உருவாகிக் காற்றை வாங்கத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை முழுதாகத் தண்ணீரை நம்பியே இருக்கிறது. எந்தச் சாக்கடையிலும் வாழும் மீன் என்று இதைச் சொல்பவர்கள் வளர்ந்த மீனை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். விதைத்த வயலில் பூச்சிமருந்து கலந்த தண்ணீர் அந்த முதல் வாரங்களில் நின்றால், பெரிய மீன் தப்பலாம், குஞ்சு தப்பாது.

சுருக்கமாக: மழையில் முட்டை, மிதக்கும் முட்டை, காவல் இல்லாத குஞ்சு, சில வாரம் கழித்தே காற்று மூச்சு. கோடையில் குட்டை வற்றினால் வேறு தண்ணீர் தேடிப் போகும். வழியில்லாவிட்டால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சேற்றில் ஈரம் இருக்கும்வரைதான் இந்தக் காத்திருப்பு. பாளம் பாளமாக வெடித்த மண்ணில் இந்த மீன் பிழைக்காது.

முள்ளும் தொண்டையும்

இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிட வேண்டாம். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது, பிடித்த மீனைப் பல்லில் கவ்விக்கொள்ளும் பழக்கம் குளத்தில் மீன் பிடிப்பவர்களிடம் உண்டு. பனையேறியை அப்படிக் கவ்வினால் உயிரே போகலாம். வழவழப்பான உடல் பல்லிலிருந்து நழுவித் தலை முன்னால் தொண்டைக்குள் பாயும். உள்ளே போனதும் மீன் செய்வது, கரையில் செய்யும் அதே வேலைதான்: செவுள் மூடியை விரித்து ஊன்றும். முட்கள் பின்னோக்கியவை. உள்ளே போகத் தடையில்லை, வெளியே வரத்தான் தடை. வாலைப் பிடித்து இழுத்தால் இன்னும் ஆழமாகக் குத்தும். மருத்துவ இதழ்களில் இத்தகைய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மூச்சுக்குழாய் அடைபட்டு இறந்தவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் இழுக்காமல், ஆளை உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பறவையும் பெரிய மீனும் இதை விழுங்கித் தொண்டை அடைத்துச் சாவதும் இதே காரணத்தால்தான். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இந்த மீன் பரவவில்லை, ஆனால் அதற்கு வடக்கே டோரஸ் நீரிணையின் சைபாய், போய்கு தீவுகள் வரை இது வந்துவிட்டதை அந்நாட்டினர் கவலையோடு கவனிக்கிறார்கள். முள்ளோடு பழகாத அங்குள்ள உயிர்களுக்கு இது புதிய ஆபத்து.

கையாளும் முறை இது. ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக உள்ளங்கையை வழித்துக்கொண்டு போனால் முதுகு முட்கள் படிந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு செவுள் மூடிகளையும் சேர்த்து அமுக்கியிருக்க வேண்டும். வால் பக்கமிருந்து பிடித்தால் கை கிழியும். சமையலுக்கு என்றால் சாம்பலும் கல்லுப்பும் போட்டுப் புரட்டி, சொரசொரப்பான கல்லில் உரசினால்தான் வழவழப்பும் செதிலும் போகும். கத்தரியால் துடுப்பு முட்களை முதலில் வெட்டிவிடுவது நல்லது.

வளர்க்க நினைப்பவர்களுக்கும், வழியில் பார்ப்பவர்களுக்கும்

குளத்தில் வளர்ப்பவர்கள் தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள், கரையைப் பற்றிக் குறைவாக. மழை இரவு ஒன்று போதும், பாதி மீன் பக்கத்து வயலுக்குப் போய்விடும். குளத்தைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத்துக்கு வலை கட்டி, அதன் அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். புதைக்காமல் தொங்கவிட்ட வலைக்கு அடியில் தலையை நுழைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் வரும் குழாய் வாயிலும் வலை வேண்டும். புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறுவது அதன் குணம் என்பதால் தப்புவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

வாய்க்காலைச் சீரமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரு கரையையும் நெட்டுக்குத்தாக, வழவழப்பாகக் கான்கிரீட் போட்டு எழுப்பினால் இந்த மீனால் வயலுக்கு ஏறவும் முடியாது, வயல் வற்றினால் திரும்பவும் முடியாது. இடையிடையே சில அடி அகலத்துக்குக் கருங்கல் பதித்த சொரசொரப்பான சாய்வு விட்டாலே போதும். தவளைக்கும் ஆமைக்கும்கூட அது படியாகும்.

மழை இரவில் சாலையில் ஒன்று தத்திப்போவதைப் பார்த்தால், ஈரத்துணியால் மேலே சொன்னபடி எடுத்து, அருகிலுள்ள வயலிலோ வாய்க்காலிலோ விடுங்கள். கிளம்பிய குட்டையிலேயே திருப்பிக் கொண்டுபோய் விட்டால் அது மறுபடியும் கிளம்பித்தான் வரும். தலை எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, அந்தப் பக்கத்துத் தண்ணீரில் விட வேண்டும்.